அறுநூறு

உறைமேல் அறுநூறு என்றுதான் இருக்கிறது.
பழையதன் மேலும் அறுநூறு.
அதே உயரம், அதே நான்கு திருகு,
ஸ்லாட்டில் தள்ளினால்
அதே 'டக்'.

கன்ட்ரோலர் மட்டும் ஒப்பவில்லை.
அளவு போதாது என்கிறது,
புரசைவாக்கம் ஸ்கேன் சென்டரின்
மாடிப்படிக்குக் கீழே,
ஞாயிற்றுக்கிழமை மழையில்.

நாலில் ஒன்று செத்து மூன்று நாள்.
மிச்ச மூன்றும் அதன் பங்கையும் கணக்குப் போட்டு
ஒப்பேற்றிக்கொண்டிருக்கின்றன.
இன்னொன்று கண்ணை மூடினால்
பேட்டையின் முதுகெலும்பு, பித்தப்பை,
பிறக்காத பிள்ளைகளின் மூக்கு
எல்லாம் போச்சு.

ரிச்சி தெருவுக்குப் போன் போட்டேன்.
"அறுநூறுன்னா அறுநூறுதான் தலைவா,
நான் என்ன தராசுல நிறுத்தா குடுக்கறேன்?"
நூருல் அமீன் சொல்வதிலும் பொய்யில்லை.

செக்டர் செக்டராய்க் கழித்துப் பார்த்தேன்.
நூற்றிருபத்தோரு எம்பி குறைவு.
யாரோ ஒருவரின் ஒரு முழங்கால்.
அவ்வளவுதான்.

வெள்ளாளர் தெரு முனையில்
இரண்டு பூக்காரிகளின் முழம் ஒன்றா?
கை குட்டையென்றால் சரமும் குட்டை.
அதற்காக யாரும்
பூவைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

முதல் நாளே கேட்டிருக்கும் இந்த மெஷின்:
ஒவ்வொரு டிஸ்கிலும் கொஞ்சம் விட்டுவைக்கட்டுமா,
நாளைக்கு வருவது
சிறுத்தும் வரலாமே என்று.
எனக்கு முன்னால் இருந்த இருதயராஜ்
வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்.
தையலுக்குத் துணி விடாமல்
கடைசி செக்டர் வரை வெட்டியாயிற்று.
இனி அதை மாற்றுவதென்றால்
எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான்.

ஹெப்சிபா மேடம் எட்டிப் பார்க்கிறார்.
"இருதயராஜ் சார் இருந்தா
அரை மணியில முடிச்சிருப்பாரு."
ஆமாம் மேடம் என்கிறேன்.
ஒன்பது மாதமாக
அந்த ஸ்லாட்டில்தான் இருக்கிறேன்.

இருட்டும் நேரத்தில் ஒரு தொள்ளாயிரம் வந்தது,
ஸ்கூட்டர் டிக்கியில்,
பால் கவருக்குள் இன்னொரு பால் கவர் சுற்றி.
கொண்டுவந்த பையனின் சட்டை சொட்டுகிறது,
டிஸ்க் நனையவில்லை.

தள்ளினேன்.
டக்.
விளக்கு ஆரஞ்சுக்கும் பச்சைக்கும்
கொஞ்சம் தடுமாறியது.
ஒரு சதவீதம்.

தொள்ளாயிரத்தில் அறுநூறை மட்டும்
எடுத்துக்கொண்டது கன்ட்ரோலர்.
அந்த மிச்ச முந்நூறில்
இனி எதுவும் எழுதப்படாது.
அது காலியாகவே சுற்றும்,
சாகும்வரை,
நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை.

எப்போது முடியும் என்கிறார் மேடம்.
விடியும் என்கிறேன்.
கதவைப் பூட்டாமல் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார்.

பதினான்கு சதவீதத்தில்
பில் புத்தகத்தை விரித்தேன்.
தொள்ளாயிரம் என்று போட்டால்
அக்கவுன்ட்ஸில் கேள்வி வரும்,
எதுக்கு அவ்வளவு பெரிசு என்று.

அறுநூறு என்று எழுதினேன்.
விலையை மட்டும் உள்ளபடி.