உரு

குன்றக்குடி மலையடிவாரத்தில்
தகட்டு உரு விற்கிறவர் பலகையில்
கண் இருந்தது, ஜோடியாக.
கை, கால், காது, தொட்டில், தேள்.
வயிறு என்று ஒரு வட்டம்.
கழுத்து கேட்டேன்.
"கழுத்துன்னு தனியா வர்றதில்ல தாயி,
முழு ஆளா வாங்கிப் போடுங்க."
முழு ஆள் நூற்றைம்பது ரூபாய்.
முழு ஆளுக்கு ஒன்றும் இல்லையே,
இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே
சுண்டுவிரல் நுனியளவு தொங்குகிற
அது மட்டும்தானே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் கூட்டம் நெருக்கியது.
வெறுங்கையோடு படியேறினோம்.

அழகம்மை பிறந்த அன்று
நர்ஸம்மா துண்டை விலக்கிக் காட்டி
உடனே மூடினாள்.
புதுவயலில் செய்தி
அரிசி ஆலைச் சங்குக்கு முன்னே எழுந்தது.
கிரகணத்தன்று என்ன நறுக்கினாய் என்று
ஆளாளுக்குக் கேட்டார்கள்.
கிரகணத்தன்று எனக்குப் பகல் ஷிஃப்ட்.
நெல் அவிக்கிற தொட்டியடியில்
ஆவியில் நின்றுகொண்டிருந்தேன்.
நறுக்க ஒன்றும் இல்லை,
வெங்காயம்கூட.

எதிர்வீட்டு வெள்ளாட்டுக்குக்
கழுத்தில் இரண்டு தொங்கும்.
லோலாக்கு வைத்த ஆடு ராசி என்று
சந்தையில் ஐந்நூறு கூட்டிக் கேட்பார்கள்.
என் மகளுக்கு ஒன்று.
அதற்கு யாரும் ராசி சொல்லவில்லை.
ஆலை முதலாளி வீட்டு ஆச்சி மட்டும்
"பிறக்கும்போதே கழுத்துரு கட்டிக்கிட்டு வந்துட்டா"
என்று சிரித்தாள்.
ஆச்சியின் கழுத்துரு
கல்யாணம் காட்சிக்கு வெளியே வரும்,
மற்ற நாள் லாக்கரில்.
இவளுடையதை எந்த லாக்கரில் வைக்க?

குளிப்பாட்டும்போது
காதுக்குப் பின்னால் தேய்ப்பதுபோல
அதையும் தேய்ப்பேன்.
உள்ளே ஒரு குருத்து.
மடித்தால் மடங்கும், விட்டால் நிமிரும்.
உடம்பெல்லாம் காய்ச்சலில் கொதிக்க
அது மட்டும் ஆறிக் கிடக்கும்.

சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரியில்
டாக்டர் ரஹ்மத் நிஷா
அதைத் தொடுமுன்
உள்ளங்கை உரசிச் சூடாக்கிக்கொண்டார்.
நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன், சிறுநீரகத்துக்கு ஒன்று.
கழுத்தில் இருப்பதற்கு
வயிற்றில் எதற்கு இந்தக் குளிர்ந்த பசை?
"அபூர்வமா வர்றது இது.
சில பிள்ளைங்களுக்கு உள்ளேயும்
ஏதாவது மாறியிருக்கும், பாத்துடுவோம்."
மாறியிருக்கவில்லை.
அப்புறம் மருந்துச் சீட்டின் பின்பக்கம்
மீன்போல ஒன்றை வரைந்தார்.
கருவில் எல்லாருக்கும் கழுத்தில் மடிப்பு உண்டாம்,
தாடையும் காதும் அங்கிருந்துதானாம்.
"காதுல இருக்கிற அதே குருத்தெலும்புதான்மா.
காதாகணும்னு கிளம்பி
வழியிலேயே இறங்கிடுச்சு."
காரைக்குடிக்குச் சீட்டு வாங்கிக்
கல்லலில் இறங்கிவிட்டவன் மாதிரி.

என் விரலுக்கு இது முன்பே தெரியும்.
விரலை யார் கேட்டார்கள்.

எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம்,
அவசரம் இல்லை என்றார்கள்.
இரண்டாம் வகுப்பில் போட்டோ எடுக்க வந்தவன்
"பாப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு" என்றானாம்.
எடுத்துடலாம்மா என்று
அவள்தான் சொன்னாள்.
சொல்லிவிட்டு
இரவெல்லாம் அதை இரண்டு விரலால்
பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

குப்பியில் தாள் ஒட்டி
அழகம்மை, வயது ஏழு, கழுத்து, இடது
என்று எழுதிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.
அன்றைக்கு என் மகள்
இரண்டு இடத்தில் இருந்தாள்.
நான் எந்த வாசலில் உட்கார?

தையல் பிரித்து, தழும்பு சிவந்திருக்க,
மறுபடி குன்றக்குடி. அதே பலகை.
காது கேட்டேன்.
"இது இடதா வலதா?" என்றாள் அழகம்மை.
"உண்டியல்ல விழுந்தா எல்லாம் ஒண்ணுதான் பாப்பா."
அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.
குவியலைக் கிளறி
விளிம்பு சரியாக வெட்டுப்படாத
சின்னது ஒன்றை எடுத்தாள்.
உண்டியல் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு
அதனிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்,
மெதுவாக, நீளமாக.
பின்னால் கூட்டம் நெருக்கியது.
நெருக்கட்டும் என்று
நின்றேன்.