வெறும் வண்டி எடை

கடிதத்தில் என்னைத் துரத்தவில்லை.
'பதவி மிகையாகிவிட்டது' என்றுதான் இருந்தது.
சீனன்குடாவில் பதினேழு வருடம்
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் குந்தியிருந்தவன் நான்.
மிகை எனக்குத் தெரியும்.
லொறியில் இருநூறு கிலோ கூடினால்
இறக்கிவிட்டுப் போ என்பேன்.
இறக்கிய சீமெந்து மூட்டைகள் மழையில் என்னவாயின என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது அந்தக் கூண்டில் ஒரு கமரா.
அதற்குத் தேத்தண்ணி வேண்டாம்.

முதலில் கனடா பார்த்தோம்.
சுபோதினி போனில் கேள்விகளை வாசிக்க
நான் கிணற்றடியில் நின்று பதில் சொன்னேன்.
இருபத்தைந்து வயதுக்காரனுக்கு நூறு புள்ளி,
நாற்பத்துநாலுக்கு ஐந்து.
"ஆவணி பிறந்தா அதுவும் இல்லையாம்" என்றாள்,
ஏதோ கத்தரிக்காய் விலை சொல்வதுபோல.

பிறகு ருமேனியா.
அனுராதபுரச் சந்தி ஏஜென்சிக்காரன்
நட்டஈட்டுக் காசை இரண்டுதரம் எண்ணினான்.
பொலிஸ் சான்றிதழுக்கு
வசித்த விலாசமெல்லாம் எழுது என்றான்,
திகதியோடு, இடைவெளி விடாமல்.
இரண்டாயிரத்து ஆறில் மூதூரிலிருந்து நடந்து வந்து
நாங்கள் வசித்த விலாசம்:
ஏழாம் வகுப்பு, பி பிரிவு.
கரும்பலகைக்குக் கீழே என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

பத்திரங்களைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு
கோட்டை வாசலில் கொஞ்சம் நின்றேன்.
காற்றுக்கு ஒரு தாள் பறந்தது.
மான் ஒன்று வந்து நிதானமாய் மென்றது.
சேவைச் சான்றிதழ்.
பதினேழு வருடத்தை அது விழுங்க
இரண்டு நிமிடம் ஆகவில்லை.
நல்லவேளை, நகல்.

இரவு பஸ்ஸில் கொழும்பு.
பளிங்குத் தரை, இலக்கத் துண்டு, ஏசிக் குளிர்.
கைரேகைப் பொறி என் விரலைப் பார்த்துச்
சிவப்பாய்ச் சிணுங்கியது.
ஈரத்தாளால் துடைத்து இன்னொருதரம்,
பிறகும் ஒருதரம்.
சீமெந்துத் தூசியும் துண்டுகள் கிழித்த வேலையும்
ரேகையைத் தின்றிருந்தன.
"கிறீம் பூசி, ரெண்டு கிழமையால வாங்கோ"
என்றாள் அந்தப் பிள்ளை. கோபமில்லாமல்தான் சொன்னாள்.
கிண்ணியா ஜெமீல் கேட்டுவிட்டுச் சிரித்தான்:
"களவெடுக்கத் தோதான கை மச்சான்,
இத வச்சுக்கொண்டு ஏன் வெளிநாடு?"
அவனுக்கும் அதே கடிதம் வந்திருந்தது.
அவன் மாமாவின் மீன்வாடிக்குப் போய்விட்டான்.

ஐந்து மாதம் கழித்து ஒட்டி வந்தது.
ஒரு முதலாளி, ஒரு களஞ்சியம், ஒரு வருடம்.
ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் சின்ன எழுத்து:
வேலை இல்லாமல் போனால்
தொண்ணூறு நாளுக்குள் வேறு தேடு,
அல்லது நாட்டைவிட்டு வெளியேறு.
அதை நான் சுபோதினிக்கு வாசித்துக் காட்டவில்லை.
அவள் ஏற்கெனவே வாசித்துவிட்டாள் என்பது
தாளின் மடிப்பில் இருந்த மஞ்சள் கறையில் தெரிந்தது.

போகிற நாள்.
ஜெமீல் வாடியிலிருந்து கொழுக்கித் தராசு கொண்டுவந்து
பெட்டியைத் தூக்கிக் கொளுவினான்.
முப்பத்துநாலு. முப்பதுதான் விடுவார்கள்.
"நாலு கிலோ மிகை" என்றேன்,
வாய்ப் பழக்கம்.
சொன்ன பிறகு மூன்று பேரும் பேசவில்லை.

சுபோதினி குந்தியிருந்து இறக்கினாள்:
வறுத்த மா, நல்லெண்ணெய்ப் போத்தல்,
இரண்டாவது போர்வை.
"இதுகள என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டேன்.
இந்த முறை கேட்டேன்.
"வீட்டில இருக்கட்டும்" என்றாள்.

பஸ் கந்தளாய் தாண்டும்போது
விரலை முகர்ந்து பார்த்தேன்.
சூரை மீன் வாசம்.
பொறிக்குப் பிடிபடாத அதே விரல்.