அரை மாத்திரை

வுப்பர்டால் நகரத்தில், ஃபோவிங்கல் பக்கம்,
தொங்கு ரயில் தலைக்குமேல் உறுமிப் போகிற தெருவில்
இருக்கிறது ஃபோல்க்கரின் கடை.
கதவைத் திறந்ததும் ஈயம் பற்றவைத்த புகை,
ஈரக் கம்பளம், யாரோ பாதியில் விட்ட காப்பி.
"திரை எத்தனை அங்குலம்?" என்றார்.
"திரை வேண்டாம்" என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "அப்படியானால் நூற்றெண்பது யூரோ மிச்சம்."
அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் நிரல் எழுதுகிறவள்.
என் விரல் எழுதியதை எனக்கு ஒரு குரல் வாசிக்கும்.
ஆணுமில்லை பெண்ணுமில்லை,
மூச்சு வாங்காது, எச்சில் விழுங்காது.
உங்களுக்கு அது சட்டியில் கடுகு வெடிப்பது.
எனக்கு வாக்கியம்.

பள்ளியில் படித்திருப்பீர்கள்:
கண் இமைத்தால் ஒரு மாத்திரை,
விரல் நொடித்தால் ஒரு மாத்திரை.
இமையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்,
நொடியைக் கொடுங்கள், போதும்.
பழைய மடிக்கணினியில் விசையை அழுத்தினால்
குரல் வாய் திறக்க ஒரு நெடில் அளவு ஆகும்.
நெடிலைப் பொறுக்கலாம்.
பெரிதாய் எதையாவது கம்பைல் செய்யத் தொடங்கினால்
நாலு கோரும் அந்தப் பக்கமே ஓடிவிடும்.
நாதியற்ற குரல்
வ, வரி, வரி நூ, என்று
படியில் உருளும்.

அதையும் பொறுத்தேன்.
மார்ச்சில் நடந்ததைத்தான் முடியவில்லை.
தண்ணீர்க் கட்டணத்துக்கான நிரல், அதில் ஒரு நிபந்தனை.
சமமில்லை என்பதற்கு இந்த ஊர்ச் சொல் 'உன்கிளைஷ்'.
சமம் என்றால் வெறும் 'கிளைஷ்'.
சற்றுச் சும்மா இருந்தால் தூங்கிவிடும் ஒலிச்சில்லு
பதறி எழுவதற்குள் 'உன்' போய்விட்டது.
நான் தவறாக அடித்ததைச்
சரியாக வாசித்துக் காட்டியது இயந்திரம்.
பூட்டிக் கிடந்த நாற்பத்தொரு வீடுகளுக்குப் போயிற்று
குளித்ததற்கான பில்.

"ரேடியோவை அணைக்க முடியுமா?" என்று கேட்டேன்.
அணைத்தார். தானாகவே போய்
குளிர்பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினார்.
முதல் பெட்டிக்குப் பதினாறு கோர்.
கம்பைல் ஓடியதும் விசிறி எழுந்தது,
கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் மாதிரி.
"இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், ஃப்ரௌ குமுதினி."
பந்தியில் பதினாறு பேர் உட்காரலாம், ஃபோல்க்கர்,
எனக்குச் செய்தி சொல்லும் வாய் ஒன்றுதான்.
ஒற்றைக் கோர் எவ்வளவு வேகம், அதைச் சொல்லுங்கள்.
அட்டைகளைப் புரட்டினார். மூக்குக்குள் முனகினார்.
எட்டுக் கோரில் ஒன்றை எடுத்து வைத்தார்.
அதன் விலாவில் காதை வைத்தேன்.
"நானும் கண்ணை மூடிப் பார்த்தேன்" என்றார்,
"ஒரு சத்தம்தான் கேட்கிறது."
இரண்டு, என்றேன்.
பின் விசிறியின் அச்சில் எதுவோ உரசுகிறது.
திருகாணியைக் கழற்றிக்கொண்டே
ஜெர்மனில் மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
புது விசிறிக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து,
அறுநூற்று நாற்பது யூரோவை மேசையின் கீழ் நிறுத்தி,
காத்திருந்து, அடித்தேன்.
'கிளைஷ்' என்றது.
மறுபடி காத்திருந்து, மறுபடி. 'கிளைஷ்.'
காசெலில் இருக்கும் இர்ம்டிரௌட்டை அழைத்தேன்;
அவளும் காதால் எழுதுகிறவள்.
முழுதும் சொல்லி முடிக்க விடவில்லை.
"ஒலி அமைப்பில் மின்சேமிப்பு என்று ஒரு டிக் இருக்கும்,
எடுத்துவிடு."
அவ்வளவுதான்.
பிராசசரின் குற்றமே இல்லை.
பழையதிலும் அந்த டிக் இருந்திருக்கும்.
சிரிப்பை அடக்க அவள் இருமுவது
இங்கே வரை கேட்டது.

திருப்பிக் கொடுக்கவில்லை.
இப்போது பெரிய கம்பைல் ஒன்று ஓடுகிறது.
ஏழு கோர் அதற்கு; எட்டாவதைக்
குரலுக்கென்று எழுதிவைத்துவிட்டேன்.
நொடித்தால் பேசுகிறது, அரை மாத்திரையில்,
ஒரு மெய்யெழுத்தை உச்சரிக்கும் நேரத்தில்.
பக்கவாட்டில் கண்ணாடியாம், உள்ளே வண்ண விளக்குகளாம்.
அது இல்லாத பெட்டி விலை கூட என்று வாங்கியது.
எதிர்வீட்டார் நேற்றுக் கேட்டார்கள், வீட்டில் விருந்தா என்று.
ஆமாம், என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே ரயில் வளைவில் திரும்பி முனகுகிறது.
வரி நானூற்றுப் பன்னிரண்டு, என்கிறது குரல்,
திக்காமல்,
அடைப்புக்குறி மூடப்படவில்லை