புள்ளி

எல்கோய்பாரில் மழை. இரவு ஷிஃப்ட்.
பயிற்சியின் மூன்றாம் வாரம்:
இட்சாசோ கதவைச் சாத்திப்
பச்சைப் பொத்தானில் கட்டைவிரல் வைக்கிறாள்,
மூச்சை அடக்கி.

கத்தி சுழன்றது, குளிர்நீர் பீய்ச்சியது.
அலுமினியத்தின் மேல்
நத்தை ஊர்ந்த பளபளப்பு மட்டும்.

இயந்திரத்தில் பழுதில்லை.
எக்ஸுக்கும் ஒய்க்கும் வைத்த புள்ளியை
இசட்டுக்கு மறந்திருக்கிறாள்.
ஐந்து மில்லிமீட்டரை ஐந்து மைக்ரான் என்று படித்து
மறுபேச்சில்லாமல்
தடவிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது கத்தி.

"வீட்டில் ஒருவரும் என் சொல்லை
இப்படி அப்படியே கேட்டதில்லை"
என்றாள் பக்கத்து இயந்திரத்து ஓயெரிடம்.
"கேட்கும். நீ ஐம்பது என்றிருந்தாலும்
கேட்டிருக்கும்" என்றான், ஆப்பிளைக் கடித்தபடி.

பிறகு சிரிக்கவில்லை இருவரும்.

புள்ளி வைக்கிறாள்.
மெய்யாகிறது ஐந்து.
ஈரமான வெள்ளிச் சுருள்கள்
கண்ணாடியில் வந்து ஒட்டுகின்றன,
அவள் முகத்துக்கு நேரே.