பதினேழாம் இலக்க பட்ஜ்

மாத முடிவில் எல்லா பட்ஜும் என் மேசைக்கு வரும்.
சட்டைப் பையில் குத்தியிருந்த சின்னப் பிளாஸ்டிக் கூடு,
உள்ளே தீப்பெட்டியிலும் சிறிய பிலிம்.
இருட்டறையில் கழற்றிக் கழுவி
எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து
பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

பதினேழு, டொக்டர் வைகுந்தநாதனுடையது.
இந்த மாதம் அதைக் கொண்டுவந்தவர்
வெள்ளவத்தைப் பொலிஸ்காரர்.
கந்தோர்ச் சொத்தாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் செய்ததெல்லாம் அளந்ததுதான்.
மஹரகம ஆஸ்பத்திரியின் கோபால்ட்
மாதம் நூற்றில் ஒரு பங்கு இளைக்கும்.
அதற்கு ஈடாக, கட்டிலில் கிடப்பவள்
இன்னும் எத்தனை விநாடி அசையாமல் கிடக்கவேண்டும்
என்று கணக்குப் போட்டு அனுப்புவார்,
பென்சிலால்,
பிழை விட்டால் அழிக்கலாம் என்று.

பேருவளைக் கரையின் கறுத்த மணலை
ஜாம் போத்தலில் அள்ளிவந்து
கருவியை அருகில் பிடிப்பார். டிக். டிக்டிக்.
"பயப்படாதேயும் பிள்ளை,
மனிசர் வரமுந்தியே இது கதைக்கத் தொடங்கிட்டுது."

வாசற்பலகையில் மூன்று மொழியிலும் ஒரு சொல் இருந்தது.
அணு.
படித்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது.
அவர்களுக்குக் குண்டு செய்கிறார் என்றது ஒரு பத்திரிகை.
இவர்களுக்குச் செய்கிறார் என்றது ஒரு துண்டுப்பிரசுரம்.
இரண்டையும் சேர்த்து மடித்து
மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தார்.
ஆட்டம் நின்றது.

வியாழன் மாலை, அலெக்சாண்ட்ரா வீதி முடிவில்,
தண்டவாளம் கடந்து கடலுக்கு இறங்கும் இடம்.
களுத்துறை ரெயில் போகட்டும் என்று நின்றிருக்கிறார்.
பின்னால் ஒரு மோட்டார்சைக்கிளும்
நின்றிருக்கிறது.
ரெயிலின் இரைச்சல் ஓய்ந்தபோது
இரண்டில் ஒன்றுதான் புறப்பட்டது.

சிவப்பு விளக்கில் பிலிமைக் கழுவினேன்.
விழுந்த வேகத்தில் கூட்டின் மூலை வெடித்து
அந்த வழியால் மாலை வெயில் புகுந்திருக்கவேண்டும்,
ஓரம் முழுதும் கறுப்பு.
மற்றப்படி வெள்ளை.
பதினொரு வருடமாக அப்படித்தான்,
அணு அவரை ஒன்றும் செய்ததில்லை.

இம்மாத அளவு: குறிப்பிடத்தக்கதல்ல.
வேறு காரணம்:
என்ற கட்டத்தில் பேனை நின்றது.
அதற்குக் கொடுத்திருந்தது ஒரு வரி.

அப்போதுதான் தொலைபேசி. மஹரகமவிலிருந்து தாதி.
"இந்த மாதத்துக்கு எத்தனை விநாடி, மிஸ்?
ஆக்கள் வந்து இருக்கினம்."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:
கொஞ்சம் இருங்கோ,
சேரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்.