வரித்தலைப் புள்ளி

தார்த்துவில் பனி.
மார்க்டவுனுக்கு மாறிவிடலாம் என்கிறான் உர்மாஸ்,
எழுத எளிது, எல்லாருக்கும் தெரியும்.
தெரியும். போன மாதம் மாற்றிப் பார்த்தேன்.
இரட்டைச் சிறுகோடு ஒரே நீளக்கோடாய் ஒட்டிக்கொள்ள,
பக்கத்தை நம்பி நகலெடுத்தவருக்கு
'அப்படியொரு தெரிவே இல்லை' என்றது கருவி.

பழைய ட்ராஃப் மட்டும் யோக்கியமா?
புள்ளியில் தொடங்கும் வரியெல்லாம் அதற்கு ஆணை;
அச்சிடாமல் விழுங்கிவிடும்.
புள்ளியில் தொடங்கும் கோப்புப் பெயரொன்று
வரித்தலையில் போய் உட்கார்ந்ததால்
'இதை அழிக்காதீர்கள்'
பதினொரு ஆண்டாய்ப் பக்கத்தில் இல்லை.
எழுதியவள் நான்.
ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உர்மாஸ் ஜன்னலை மூடுகிறான்.
அந்தப் புள்ளிக்கு முன்னால்
அகலமே இல்லாத ஓர் எழுத்தை வைக்கிறேன்.
யார் கண்ணுக்கும் தெரியாது.
வரி வந்துவிட்டது.

மாறுவதா வேண்டாமா,
வியாழக்கிழமை பேசலாம்.
இன்று இதை அனுப்பிவிடுகிறேன்.