நோட்டாமுக்கு மருந்து

அட்டன், டன்பார் வீதி, ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
மழைக்குக் கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்.
சார்ஜ் லைட்டின் கீழே ஸ்கிரபிள் பலகை.
பிரிசில்லா ஐந்து கட்டைகளை இறக்கினாள்:
என், ஓ, டி, ஏ, எம்.
கடைசிக் கட்டை சிவப்புக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது.
மும்மடங்கு. இருபத்தொன்று.

"இது என்ன, பேரா, ஊரா?" என்றார் நவ்பர் நானா.
கடை அவருடையது, மாடி அவருடையது,
அதனால் சட்டமும் பாதி அவருடையது.

கட்டுநாயக்காவில் இரவு முறை பார்க்கிறவள், விளக்கினாள்.
வானோட்டிகளுக்கு விடுகிற அறிவித்தல்.
ஓடுபாதையில் வேலை நடக்கிறது,
கோபுரத்து விளக்கு அவிந்து கிடக்கிறது,
நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை கரையோரம் பட்டம் விடுகிறார்கள்,
எல்லாம் அதற்குள்.

"அப்ப அது சுருக்கம். சுருக்கம் ஏலாது."
"போன மாசம் ரேடார் வெச்சது நீங்கதானே நானா?"
"அது சொல்."
"எப்ப இருந்து?"

யாருக்கும் தெரியவில்லை.
பெரிய எழுத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு
ஏதோ ஒரு காலையில்
சின்ன எழுத்தாய் அகராதிக்குள் நடந்து போயிருக்க வேண்டும்.
வாசலில் ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். எனக்கு ஒரே சோதனைதான்:
உருபு ஒட்டுமா?
நோட்டாமை. நோட்டாமால். நோட்டாமுக்கு.
ஏழாவது வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது.
எட்டாவதில் கூப்பிட்டே பார்த்தேன், "நோட்டாமே!"
கீழே தெருவில் ஒரு நாய் குரைத்தது.

பிரிசில்லா சிரிக்கவில்லை.
"எங்கம்மா சொல்லுவாங்க சார்.
இன்னிக்கு நோட்டாம் கூட, தூக்கமே இல்லன்னு
ஒருநா போன்ல சொல்லிட்டேன்.
மறுநா கொழுந்துக்குப் போற வழியில நின்னு எடுக்கிறாங்க,
நோட்டாமுக்கு மருந்து எடுத்தியா,
கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சியான்னு."

நாலாம் வேற்றுமை. ஒரு பிழையும் இல்லை.

வாக்கெடுத்தோம். இரண்டுக்கு இரண்டு.
"சுருக்கமெல்லாம் சொல்லாகாதும்மா" என்று
நானா பக்கம் சாய்ந்தவர் டீமேக்கர் சிதம்பரநாதன்.
அட்டை கிழிந்த அகராதியிடம் போனோம். அதில் இல்லை.
கட்டைகளை ஒவ்வொன்றாய்,
எம்மிலிருந்து பின்னோக்கி, எடுத்துக்கொண்டாள்.

அடுத்து டீமேக்கர்.
பி, ஓ, பி.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இந்த மலையில் அதற்கு விளக்கம் கேட்பவர்
நேற்று ரயிலில் வந்து இறங்கியவராய் இருக்க வேண்டும்.
பிரிசில்லா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சும்மா புரட்டினேன். இருந்தது:
பாட்டுக்கு ஆடும் ஒருவகை ஆட்டம்.
தேயிலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் அகராதியை வாங்கி விளக்கடியில் பிடித்தார்.
"இருபத்தாறு வருசமா சலிச்சிருக்கேன்.
ஆட்டம்னு ஒருத்தனும் சொல்லலியே."
பிழையான காரணத்துக்கு ஏழு புள்ளி.
சரியாகக் குறித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை,
பனிமூட்டத்தில் பஸ்ஸுக்குப் போகிறேன்,
நானாவின் இரும்புக் கதவு இறங்கிக் கிடக்கிறது.
சோக்கில், சாய்ந்த எழுத்தில்:
நோட்டாம். இன்று கடை இல்லை. சீமெந்து சனிக்கிழமை வரும்.

ஆணி வாங்க வந்த ஒரு பெண்
குடையை மடக்கி, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு,
என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்,
"நோட்டாம்னா யாரு சார்? தவறிட்டாரா?"

இல்லை என்றேன். பஸ் வந்துவிட்டது.
மல்லியப்புச் சந்தி தாண்டிய பிறகுதான் உறைத்தது:
‘என்ன’ என்று அவள் கேட்கவில்லை.
‘யாரு’ என்றாள்.
உயர்திணை.